பெட்ரோல் கலந்த தண்ணீருக்கு மக்கு உரத்தில் கிடைத்த விடை

கிணறு வற்றினால் வீட்டுக்காரர் வானத்தைப் பார்ப்பார். அடுத்த மழைக்கு ஊறிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கும். கிணறு கெட்டுப்போனால் யாரைப் பார்ப்பது? தண்ணீர் கண்ணெதிரே நிற்கும், தெளிவாகவும் இருக்கும். ஆனால் வாயில் வைக்க முடியாது. மாட்டுக்குக் காட்டவும் மனசு வராது. வற்றிய கிணற்றைவிடக் கெட்ட கிணறுதான் கொடுமை என்பது அதை அனுபவித்த குடும்பங்களுக்குத்தான் தெரியும்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம், கெர்ன் கவுன்டியில் க்ளென்வில் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். மாடு வளர்ப்புதான் அந்தப் பகுதியின் தொழில். 1990-களின் பின்பகுதியில் அங்கே வீட்டுக் கிணறுகள் கெட்டன. தண்ணீரைச் சோதித்தபோது, பெட்ரோலில் கலக்கும் எம்.டி.பி.இ. என்ற ரசாயனம் அதில் இருப்பது தெரிந்தது. மண்ணுக்குள் புதைத்திருந்த பெட்ரோல் தொட்டியிலிருந்து கசிந்தது நிலத்தடி நீரோடு சேர்ந்து கிணறுகளுக்குப் போயிருந்தது. அதன்பிறகு அந்த மக்கள், சொந்தக் கிணறு வாசலில் இருந்தும், வெளியிலிருந்து வரும் தண்ணீரை நம்பிக் காலம் தள்ள வேண்டியிருந்தது. பெரிய நகரமாக இருந்தால் வேறொரு ஏரியிலிருந்து குழாய் போட்டுவிடும். சிற்றூருக்குக் கிணற்றை விட்டால் வேறு வழி கிடையாது.

நல்லதுக்காகச் சேர்த்த பொருள்

எம்.டி.பி.இ. என்பதன் முழுப்பெயர் மெத்தில் டெர்ஷியரி பியூட்டைல் ஈதர். இதைப் பெட்ரோலில் யாரும் கெட்ட எண்ணத்தோடு சேர்க்கவில்லை. முன்பு இன்ஜின் தட்டாமல் ஓடுவதற்காகப் பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். அந்த ஈயம் புகையோடு வந்து குழந்தைகளின் மூளையைக் கெடுக்கிறது என்று தெரிந்ததும் அதைக் குறைக்கத் தொடங்கினார்கள். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் முழுதாக நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் ஈயத்துக்குப் பதிலாக 1979 முதல் எம்.டி.பி.இ. வந்தது. 1990-இல் அங்கே காற்று மாசுச் சட்டத்தைத் திருத்தியபோது, காற்று கெட்டுப்போன நகரங்களில் விற்கும் பெட்ரோலில் ஆக்சிஜன் உள்ள பொருளைக் கலக்க வேண்டும் என்று விதி வந்தது. பெட்ரோல் நன்றாக எரியும், புகையில் நச்சு வாயு குறையும் என்பது கணக்கு. விலை மலிவு, கலப்பது எளிது என்பதால் பல இடங்களில் எம்.டி.பி.இ.யைத்தான் கலந்தார்கள். 100 லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 11 லிட்டர் இதுவாகவே இருந்தது. இந்தியாவிலும் பெட்ரோலில் இது பயன்பட்டு வந்திருக்கிறது.

காற்றைக் காப்பாற்ற வந்த பொருளே தண்ணீரைக் கெடுத்தது.

பெட்ரோலின் மற்ற சரக்குகள் மண்ணில் கசிந்தால், பெரும்பாலும் அந்த இடத்தைச் சுற்றியே நிற்கும். மண்துகள்களில் ஒட்டிக்கொள்ளும். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். எம்.டி.பி.இ. அப்படி இல்லை. இது தண்ணீரில் நன்றாகக் கரையும், மண்ணில் ஒட்டாது. தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே அதே வேகத்தில் கூடவே போகும். கரைத்த உப்பு வாய்க்காலோடு போவதைப் போல.

எவ்வளவு போனால் தண்ணீர் கெடும்? அங்கேதான் சங்கடம். டர்பன்டைன் போன்ற ஒரு வாடை, ஒரு கசப்பு. இது மிகக் குறைந்த அளவிலேயே தெரிந்துவிடும். கலிஃபோர்னியா அரசு வாடைக்காகவும் சுவைக்காகவும் வைத்த வரம்பு, லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். உடல்நலத்துக்காக வைத்த வரம்பு 13 மைக்ரோகிராம். ஒரு கிராமை 10 லட்சம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம்.

மனக்கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். 11 சதவிகிதம் எம்.டி.பி.இ. கலந்த ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 81 கிராம் எம்.டி.பி.இ. இருக்கும். அது முழுவதும் தண்ணீரில் கரைந்தால், சுமார் 1.6 கோடி லிட்டர் தண்ணீரை அந்த 5 மைக்ரோகிராம் வரம்புக்குக் கொண்டுபோய் நிறுத்தும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஏற்றினால் 1,300 லோடுக்கு மேல் வரும். ஒரு லிட்டர் பெட்ரோல் செய்கிற வேலை இது. மண்ணுக்குள் புதைத்த இரும்புத் தொட்டி துருப்பிடித்து வருடக்கணக்கில் சொட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

அப்படித்தான் ஆனது. 1996-இல் சான்டா மோனிகா நகரம் தன் கிணறுகளை மூடியது. நகரத்தின் குடிநீரில் ஏறக்குறைய பாதி ஒரே அடியில் போய்விட்டது. மலைமேல் இருக்கும் சவுத் லேக் தாஹோ ஊரில் மூன்றில் ஒரு பங்குக் கிணறுகள் மூடப்பட்டன. 1999 மார்ச்சில் கலிஃபோர்னியா ஆளுநர் கிரே டேவிஸ், எம்.டி.பி.இ.யைப் படிப்படியாக நிறுத்த உத்தரவு போட்டார். 2004 ஜனவரி முதல் அந்த மாநிலத்தில் அது முழுதாக நின்றது. ஆனால் தடை என்பது இனிமேல் ஊற்றுவதைத்தான் நிறுத்தும். ஏற்கெனவே மண்ணுக்குள் போனதை என்ன செய்வது?

குப்பையில் இருந்த விடை

தண்ணீரை மேலே இறைத்துக் காற்றில் தெளித்தால் பல ரசாயனங்கள் ஆவியாகிப் போய்விடும். எம்.டி.பி.இ. தண்ணீரை விட்டு லேசில் பிரியாது. கரித்தூள் வழியாக வடிகட்டினால் கொஞ்சம்தான் பிடிக்கும், கரியை அடிக்கடி மாற்ற வேண்டும். இந்த இரண்டு வழிகளிலும் இன்னொரு குறை இருக்கிறது. நஞ்சு அழிவதில்லை. தண்ணீரிலிருந்து காற்றுக்கோ கரிக்கோ இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

நுண்ணுயிர் தின்றால்தான் அது ஒழியும். ஆனால் எம்.டி.பி.இ.யைத் தின்னும் நுண்ணுயிர் இருக்கிறதா என்பதே ரொம்ப நாள் சந்தேகமாக இருந்தது. ஏனென்றால் அதன் அமைப்பு அப்படி. நடுவில் ஒரு கரி அணு, அதைச் சுற்றி மூன்று பக்கமும் முள்வேலி போட்டதைப் போல வேறு கரி அணுக்கள், நான்காவது பக்கம் லேசில் அறுபடாத ஈதர் பிணைப்பு. எந்தப் பக்கமிருந்து கடிப்பது என்று நுண்ணுயிர் திண்டாடும். கடித்தாலும் கிடைக்கிற சத்து குறைவு. 1994-இல் ஜோசப் சாலனிட்ரோவும் அவருடைய குழுவும், ஒரு ரசாயன ஆலையின் கழிவுநீர்ச் சேற்றிலிருந்து வளர்த்தெடுத்த நுண்ணுயிர்க் கூட்டம் இதைத் தின்கிறது என்று முதன்முதலாகக் காட்டினார்கள். அது பல நுண்ணுயிர்கள் சேர்ந்த கலவை. அதில் யார் வேலை செய்கிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்த துப்பு வந்த இடம், எந்த விவசாயிக்கும் பழக்கமான பொருளில்: மக்கு உரம்.

லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் கார்சன் என்ற ஊரில் பெரிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று உண்டு. அங்கிருந்து கிளம்பும் கெட்ட காற்றைச் சுத்தம் செய்ய, மக்கு உரம் நிரப்பிய ஒரு வடிப்பானைச் சோதனைக்கு வைத்திருந்தார்கள். காற்று மக்கு உரத்துக்குள் புகுந்து வெளியே வரும்போது, உரத்தில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றில் உள்ள வாயுக்களைத் தின்றுவிடும். அந்தக் காற்றில் கொஞ்சம் எம்.டி.பி.இ.யும் இருந்தது. ஆரம்பத்தில் அது உள்ளே போனபடியே வெளியே வந்தது. மாதங்கள் ஓடின. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, உள்ளே போகும் எம்.டி.பி.இ. வெளியே வருவது குறையத் தொடங்கியது. அந்த உரத்துக்குள் யாரோ அதைத் தின்னக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

டேவிஸ் நகரில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கேட் ஸ்கௌ என்ற பெண்மணி மண் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தார். அவருடைய ஆய்வகத்தில் ஜெசிகா ஹான்சன், கோரின் ஆக்கர்மன் ஆகியோருடன் சேர்ந்து அந்த மக்கு உரக் கூட்டத்திலிருந்து ஒரே ஒரு பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். பெயர் பி.எம்.1. 1999-இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, இந்தப் பாக்டீரியாவுக்கு எம்.டி.பி.இ. மட்டுமே போதும். வேறு தீனி எதுவும் வைக்க வேண்டியதில்லை. ஆய்வகத்தில் 120 மணி நேரத்தில், கொடுத்த எம்.டி.பி.இ.யில் இருந்த கரியில் சுமார் 46 சதவிகிதம் கரியமில வாயுவாக மாறியது. சுமார் 19 சதவிகிதம் பாக்டீரியாவின் உடம்பாகவே மாறியது. நஞ்சு இடம் மாறவில்லை, ஒழிந்தது.

2006-இல் இதற்கு முறையான பெயர் வைத்தார்கள்: மெத்திலிபியம் பெட்ரோலிஃபிலம். பெட்ரோலியத்தை விரும்புவது என்று பொருள். மறுவருடம் இதன் மரபணு முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். சுமார் 40 லட்சம் எழுத்துகள் கொண்ட முதன்மை மரபணுத் தொகுப்பு ஒன்று, சுமார் 6 லட்சம் எழுத்துகள் கொண்ட துணைத் துண்டு ஒன்று. எம்.டி.பி.இ.யைத் தின்னும் திறமை அந்தத் துணைத் துண்டில் இருந்தது. இப்படிப்பட்ட துண்டுகளைப் பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும். பக்கத்துக் காட்டுக்காரரிடம் மண்வெட்டி இரவல் வாங்குவதைப் போலத்தான். மனிதன் ஒரு பொருளைப் பெருவாரியாக மண்ணில் சிந்தத் தொடங்கி இருபது வருடத்துக்குள், அதைத் தின்னும் ஆயுதத்தோடு ஓர் உயிர் மக்கு உரத்துக்குள் தயாராக இருந்தது.

ஆள் இருந்தான், மூச்சுதான் இல்லை

பாக்டீரியா கிடைத்தாயிற்று, இனி அதை வளர்த்துப் பீப்பாயில் கொண்டுபோய் ஊற்றினால் வேலை முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். போர்ட் வைனீமி என்ற ஊரில் இருக்கும் கடற்படைத் தளத்தில் அதைச் சோதித்தார்கள். அங்கே 1984, 1985-ஆம் ஆண்டுகளில் ஒரு பெட்ரோல் பங்க்கிலிருந்து கசிந்த எம்.டி.பி.இ., நிலத்தடியில் ஒரு மைல் தூரத்துக்கு நெருங்கிப் பரவியிருந்தது.

சாலனிட்ரோவின் குழு மண்ணுக்குள் ஓரிடத்தில் பாக்டீரியாவையும் ஆக்சிஜனையும் சேர்த்துச் செலுத்தியது. இன்னோர் இடத்தில் ஆக்சிஜனை மட்டும் செலுத்தியது. மூன்றாவது இடத்தில் ஒன்றும் செய்யாமல் விட்டது. பாக்டீரியா போட்ட இடத்தில் எம்.டி.பி.இ. சீக்கிரமே குறைந்தது. ஒன்றும் செய்யாத இடத்தில் குறையவில்லை. யோசிக்க வைத்தது நடுவில் இருந்த இடம்தான். ஆக்சிஜன் மட்டும் கொடுத்த அந்த இடத்தில் பல மாதங்கள் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு அங்கேயும் எம்.டி.பி.இ. குறையத் தொடங்கியது.

வெளியிலிருந்து யாரையும் கொண்டுவராமல் அந்த வேலையைச் செய்தது யார்? டேவிஸ் பல்கலைக்கழகத்தார் அந்த நிலத்தடி நீரை எடுத்துப் பார்த்தபோது, பி.எம்.1-க்கு மிக நெருங்கிய சொந்தக்காரப் பாக்டீரியாக்கள் அங்கேயே இருந்தன. ஆக்சிஜன் கொடுத்த இடத்தில் அவை பெருகியிருந்தன. வான்டன்பர்க் விமானப் படைத் தளத்திலும் இதே கதைதான். ஸ்கௌவும் அவருடைய சகாக்களும், மண்ணுக்குள் இறக்கிய குழாய்களின் சுவர் வழியாக ஆக்சிஜன் மெதுவாகக் கசியும்படி செய்தார்கள். பாக்டீரியா எதையும் ஊற்றாமலே, அந்த மண்ணின் சொந்த நுண்ணுயிர்கள் எம்.டி.பி.இ.யைத் தின்றன.

காரணம் எளிது. எம்.டி.பி.இ.யை உடைக்க இந்தப் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். பெட்ரோல் கசிந்த இடத்தில் ஆக்சிஜன் இருக்காது. பெட்ரோலின் மற்ற சரக்குகளைத் தின்ற நுண்ணுயிர்கள் இருந்த ஆக்சிஜனை எல்லாம் முன்னாலேயே முடித்திருக்கும். வேலைக்கு ஆள் இருந்தும் மூச்சு விட வழியில்லாமல் கிடந்தான் என்பதுதான் நிலைமை.

இதை ஒரு விவசாயிக்கு விளக்க வேண்டியதே இல்லை. உரக்குவியலைக் கிளறாமல் விட்டால் உள்ளே புழுங்கி நாற்றமெடுக்கும். கிளறிவிட்டால் சூடேறி மக்கும். தண்ணீர் கட்டி நின்ற கொல்லையில் வாழை வேர் அழுகும், வடித்துவிட்டால் துளிர்க்கும். மண்புழு ஓடிய மண்ணும் பொலபொலவென்று இருக்கும் மண்ணும் ஏன் விளைகிறது? காற்று போகிறது, அதனால் உயிர் இருக்கிறது. அதே விதிதான் நிலத்தடியில் 20 அடி ஆழத்திலும். போர்ட் வைனீமியில் பிறகு பெரிய அளவில் சுமார் 500 அடி நீளத்துக்குக் குழாய்களை வரிசையாக இறக்கி, பாக்டீரியாவும் காற்றும் ஆக்சிஜனும் செலுத்தி, மண்ணுக்குள்ளேயே ஒரு வேலி போட்டார்கள். அழுக்குத் தண்ணீர் அந்த வேலியைத் தாண்டும்போது சுத்தமாகிப் போனது.

ஸ்கௌ பிறகு கவனம் செலுத்தியதும் மண்ணில்தான். அவருடைய பல்கலைக்கழகத்தின் ரஸல் ராஞ்ச் பண்ணையில் 1993-இல் ஒரு சோதனை தொடங்கியது. 100 வருடம் நடத்தத் திட்டமிட்ட சோதனை. மக்கு உரம், மூடுபயிர், ரசாயன உரம் ஆகியவை மண்ணை எப்படி மாற்றுகின்றன என்று வருடா வருடம் பார்க்கிறார்கள். அந்தப் பண்ணைக்கு அவர் இயக்குநராக இருந்தார். நஞ்சைத் தின்னும் உயிரும் பயிருக்குச் சோறு போடும் உயிரும் ஒரே வீட்டுக் குடித்தனம் என்பதால், இரண்டு வேலையும் ஒருவருக்கே பொருந்தியதில் வியப்பில்லை.

இது மந்திரம் இல்லை

பாக்டீரியா இருக்கிறது, இனிக் கவலை இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எம்.டி.பி.இ. ஒரே கடியில் ஒழிவதில்லை. முதலில் அது டி.பி.ஏ. என்ற இன்னொரு பொருளாக மாறும். பிறகு வேறொன்றாக மாறி, கடைசியில்தான் கரியமில வாயுவும் தண்ணீரும் ஆகும். நடுவில் வரும் டி.பி.ஏ.யும் நஞ்சுதான். ஆக்சிஜன் பாதியில் தீர்ந்தால் வேலை அங்கேயே நின்றுபோகும். எம்.டி.பி.இ. இல்லை என்று சோதனை சொல்லும், தண்ணீரோ சுத்தமாகியிருக்காது. அதனால் இரண்டையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

இந்தப் பாக்டீரியா மெதுவாகத்தான் வளரும். மண்ணுக்கு மண், ஆழத்துக்கு ஆழம் வேலையின் வேகம் மாறும். சான்டா மோனிகா நகரம் தன் முக்கியமான கிணறுகளை மறுபடி பயன்படுத்த 2010 வரை காத்திருந்தது. அங்கே அவர்கள் நம்பியதும் கரி வடிப்பானையும் சவ்வு வடிப்பானையும்தான். கெடுக்க ஒரு கசிவு போதும். மீட்கப் பதினான்கு வருடமும் பெரும் பணமும் ஆகின்றன. க்ளென்வில் போன்ற ஊருக்கு அந்தப் பணம் எங்கிருந்து வரும்? இந்தக் கதையில் மனசை உறுத்துவது இதுதான்.

தமிழ்நாட்டு விவசாயிக்கு இதில் என்ன?

முதலாவது, எத்தனால். இந்தியாவில் பெட்ரோலில் இப்போது 20 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். கரும்பு, மக்காச்சோளம், அரிசி போட்ட விவசாயிக்கு இதனால் ஒரு சந்தை கிடைத்திருக்கிறது. எத்தனால் எம்.டி.பி.இ. போல் இல்லை. மண்ணில் கசிந்தால் நுண்ணுயிர்கள் ஆசையாகத் தின்றுவிடும். ஆனால் அந்த ஆசையிலும் ஒரு சிக்கல் உண்டு. மாட்டுக்கு முன்னால் பருத்திக்கொட்டையையும் வைக்கோலையும் ஒன்றாக வைத்தால் எதை முதலில் தின்னும்? நுண்ணுயிரும் எத்தனாலைத்தான் முதலில் தின்னும். இருக்கும் ஆக்சிஜனையும் அதிலேயே தீர்த்துவிடும். பெட்ரோலில் உள்ள பென்சீன், புற்றுநோய் தரும் பொருள், தின்ன ஆளில்லாமல் இன்னும் தூரம் போகும். வான்டன்பர்க்கில் நடத்திய சோதனையிலேயே, எத்தனால் சேர்ந்த இடத்தில் பென்சீன் அதிகத் தூரம் போனதைப் பார்த்தார்கள். பெட்ரோலில் எதைக் கலந்தாலும் தொட்டி கசியக் கூடாது என்பதுதான் முதல் பாடம்.

இங்கே இது நடக்காத விஷயமும் அல்ல. 2013-இல் சென்னை தண்டையார்பேட்டையில் குழாய்க் கசிவால் வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் வந்ததை எல்லோரும் செய்தியில் பார்த்திருப்பார்கள். கிராமங்களிலும் நெடுஞ்சாலை ஓரமாகப் பெட்ரோல் பங்க்குகள் வந்துகொண்டே இருக்கின்றன. புதிய பங்க் குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், எந்த நிலையிலும் 30 மீட்டருக்குக் குறையக் கூடாது என்று மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் வழிகாட்டியிருக்கிறது. ஊரில் பங்க் வருகிறது என்றால், தூரத்தை மட்டும் பார்க்காமல், கிணறுகள் எந்தப் பக்கம் இருக்கின்றன, நிலத்தடி நீரோட்டம் எந்தப் பக்கம் என்றும் கிராமசபையில் கேட்பது நியாயம்.

இரண்டாவது, தோட்டத்துக்குள்ளேயே நடப்பது. கிணற்று மேட்டில் டீசல் இன்ஜின், அதன் பக்கத்திலேயே டீசல் கேன், ஆயில் மாற்றினால் அங்கேயே கொட்டுவது. இது பல இடங்களில் வழக்கம். பவர் டில்லருக்கும் பவர் ஸ்பிரேயருக்கும் கிணற்று ஓரத்திலேயே எண்ணெய் ஊற்றுவதும் உண்டு. கேனைக் கிணற்றிலிருந்து தள்ளி, சரிவின் கீழ்ப்பக்கம் வைக்கலாம். இன்ஜினுக்கு அடியில் ஒரு தகரத் தட்டு வைக்கலாம். பழைய ஆயிலை டப்பாவில் பிடித்து வாங்குகிறவரிடம் கொடுக்கலாம். செலவே இல்லாத வேலைகள்.

கொஞ்சம் டீசல் மண்ணில் கொட்டிவிட்டால், ஊறிய மண்ணை அன்றைக்கே தோண்டி, கிணற்றிலிருந்து தூரமாகத் தார்ப்பாய்மேல் பரப்ப வேண்டும். நன்கு மக்கிய தொழு உரத்தைக் கலந்து, லேசான ஈரத்தோடு வைத்து, வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். மழைத்தண்ணீர் அதில் இறங்கி ஓடாதபடி மூட வேண்டும். உரத்தில் இருக்கும் நுண்ணுயிர்கள் மாதக்கணக்கில் அதைத் தின்னும். கார்சனில் நடந்ததன் சின்ன வடிவம்தான் இது. அந்த மண்ணைக் காய்கறிப் பாத்திக்குக் கொண்டுபோகக் கூடாது.

மூன்றாவது, கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோல், டீசல், டர்பன்டைன் வாடை வந்தால் செய்ய வேண்டியது. குடிப்பதையும் சமைப்பதையும் உடனே நிறுத்த வேண்டும். கொதிக்க வைத்தால் சரியாகாது, அந்த ஆவி அடுப்படிக்குள்தான் நிற்கும். கிணற்றுக்குள் ஆள் இறங்கக் கூடாது. பக்கத்தில் தீக்குச்சி, பீடி எதுவும் கூடாது. உப்பு, கடினத்தன்மை பார்க்கும் வழக்கமான தண்ணீர்ச் சோதனையில் இது தெரியாது. பெட்ரோலியப் பொருளுக்கான சோதனை வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். மாதிரியைக் கண்ணாடிப் பாட்டிலில், காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி இறுக மூடி, குளிர்ச்சியாகக் கொண்டுபோக வேண்டும். பாதி பாட்டில் கொண்டுபோனால் வாடைப் பொருள் மேலே இருக்கும் காற்றுக்குப் போய்விடும், சோதனை குறைத்துக் காட்டும். ஊராட்சிக்கும் மாவட்டத்தில் இருக்கும் மாசு கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்துக் கிணற்றுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு கொடுத்தால் கசிவு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதும் தெரியும்.

கடைசியாக ஒன்று. இப்படிப்பட்ட நேரத்தில், 'பாக்டீரியா பாக்கெட் இருக்கிறது, கிணற்றில் ஊற்றினால் சரியாகிவிடும்' என்று யாராவது விற்க வரலாம். ஜீவாமிர்தம் ஊற்றலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். வயலுக்கு ஜீவாமிர்தம் அமிர்தம்தான். கிணற்றுக்குள் ஊற்றினால் வெல்லமும் சாணமும் தண்ணீரில் இருக்கும் கொஞ்சநஞ்ச ஆக்சிஜனையும் தின்றுவிடும், சாணத்தில் உள்ள கிருமியும் குடிநீரில் சேரும். எண்ணெயைத் தின்ன வேண்டிய நுண்ணுயிர் மூச்சுத் திணறும். போர்ட் வைனீமியிலும் வான்டன்பர்க்கிலும் தெரிந்தது இதற்கு நேர்மாறானது: பாக்டீரியாவைவிட அது வாழும் இடம்தான் முக்கியம். அசோஸ்பைரில்லம் பாக்கெட்டை வெயிலில் போட்டுவிட்டு வயலைக் குறை சொல்ல முடியாது என்று தெரிந்த விவசாயிக்கு, இதுவும் புரியும். கசிவை அடைப்பது, அளந்து பார்ப்பது, காற்றுக்கு வழி செய்வது, மறுபடி அளந்து பார்ப்பது. இந்த வரிசையில் நடந்தால்தான் அது வைத்தியம். கிணற்றளவில் இதை ஒரு குடும்பம் தனியாகச் செய்ய முடியாது. கசியவிட்டவர் செலவில், விவரம் தெரிந்தவர்களைக் கொண்டு செய்ய வேண்டிய வேலை. அதைக் கேட்டு வாங்கும் உரிமை கிணற்றுக்காரருக்கு உண்டு.

கொல்லையில் கிடக்கும் ஒரு கூடை மக்கு உரத்துக்குள் எத்தனை உயிர் இருக்கிறது, அதில் எது எந்த நஞ்சைத் தின்னும் என்று யாரும் எண்ணி முடிக்கவில்லை. அந்த உயிர்களுக்குக் கைகொடுப்பது நல்லதுதான். அவற்றுக்கு வேலை வைக்காமல் இருப்பது அதைவிட நல்லது.